வேட்டொலியும் வீரர் செவியும்

உயிர்களை அறிவு வகையாற் பகுத்த தொல்காப்பிய மரபியல், செவியுணர்வை ஐந்தாம் அறிவாக வைத்து, அதற்கு அடுத்த படியில் மனத்தை நிறுத்துகின்றது. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டையும் சொல்லி முடித்தவுடன் கேள்விக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார். கேட்டல், கேட்டுக் கற்றல், வினவுதல் ஆகிய மூன்றையும் 'கேள்வி' என்னும் ஒரே சொல்லால் வழங்கிய மொழி தமிழ். செவிக்கு இத்துணை உயர்வு தந்த மொழியினர், நாட்டைக் காக்கச் சென்று செவியை இழந்து திரும்பியோரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

போரில் கை இழந்தோரையும் கால் இழந்தோரையும் ஊர் அறியும். அவர்தம் விழுப்புண் கண்ணுக்குப் புலப்படுவது. செவியில் விழும் புண்ணுக்குக் குருதி இல்லை, தழும்பும் இல்லை. அப்புண் பெரும்பாலும் போர்க்களத்தில் நேர்வதுமன்று. பகைவர் எவரும் எதிரே இல்லாத பயிற்சிக் களத்தில், தம் கையிலிருந்த துப்பாக்கியாலும் அருகில் நின்ற தோழனின் துப்பாக்கியாலும் சிறிது சிறிதாக நேர்வது. இரண்டரை நூற்றாண்டுக் காலமாக நிகழ்ந்துவரும் இவ்விழப்பு எப்போது, எவ்வாறு, எந்த அளவுக்குக் கணக்கில் கொள்ளப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முரசும் பீரங்கியும்

பண்டைத் தமிழர் போரிலும் பேரொலி இருந்தது. முரசம் காவல் பெற்ற அரசுப் பொருள்; அதற்கெனக் கட்டில் இருந்தது. அக்கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய செய்தியைப் புறநானூறு காட்டும். முரசின் ஒலி படையை அழைத்தது, திரட்டியது, ஊக்கியது. உடலுக்குள்ளும் ஒரு பறையைக் கண்டு அதற்குச் 'செவிப்பறை' என்று பெயரிட்டனர் தமிழர். தோற்பறையின் அதிர்வைத் தாங்கவல்ல அச்செவிப்பறை, வெடிமருந்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பினதன்று.

வெடிமருந்து வந்தபின் போரொலியின் தன்மையே மாறிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் பகுதியில் மோதிக்கொண்டபோது, தமிழகத்து இளைஞர் பலர் சிப்பாய்களாகச் சேர்க்கப்பட்டனர். 1758ஆம் ஆண்டைத் தம் தோற்றக் காலமாகக் கொண்டாடும் சென்னைப் படைப்பிரிவு அவ்வாறு எழுந்ததே. துப்பாக்கியில் மருந்திட்டு, குண்டிட்டு, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவது அக்காலப் போர்முறை. பல துப்பாக்கிகள் ஒருசேர முழங்கும்போது எழும் ஒலியை நாள்தோறும் காதருகே கேட்பதே பயிற்சியாயிற்று. பீரங்கிப் படையினர்க்கோ அதனினும் மிகுதி. அப்படைக்குச் சென்னையை அடுத்த பரங்கிமலை தலைமையிடமாக விளங்கிற்று.

பரங்கிமலையில் அளக்கப்பட்ட ஒலி

இப்பரங்கிமலைப் பீரங்கியே உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது என்பது பலரும் அறியாத செய்தி. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டில் நிறுவிய வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் என்பவர் வானியலாளராக இருந்தார். 1820, 1821ஆம் ஆண்டுகளில் அவர் ஒலியின் விரைவை அளக்க முற்பட்டார். அதற்கு அவர் புதிய கருவி எதனையும் தேடவில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடப்பட்ட பீரங்கிகளே போதுமானவையாயின. கோட்டை ஆய்வு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பீரங்கி வாயில் ஒளி தெரிந்த நொடிக்கும் முழக்கம் செவியை எட்டிய நொடிக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடிகையின் துடிப்பைக் கொண்டு எண்ணினர். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகிய அனைத்தும் உடன் குறிக்கப்பட்டன. வெப்பம் மிகுந்த மாதங்களில் ஒலி விரைந்தும் குளிர்ந்த மாதங்களில் சற்றுத் தாழ்ந்தும் வருவது மாதவாரிப் பட்டியலில் தெளிவாயிற்று. இம்முடிவுகளை இலண்டன் அரச கழகம் 1823ஆம் ஆண்டில் வெளியிட்டது.

9 கிலோமீட்டர் தொலைவில் அமர்ந்து, அவ்வொலியைக் கேட்டவரின் செவித்திறனால் ஓர் அறிவியல் உண்மை நிலைநாட்டப்பட்டது. அப்பீரங்கிக்கு அருகில் நின்று திரியிட்டவரின் செவித்திறன் என்னவாயிற்று என்று அந்தப் பட்டியல் கூறவில்லை. அக்காலத்து வேறெந்தப் பட்டியலும் கூறவில்லை. பிற்காலத்தில் சென்னை நகரத்தார்க்கு நேரம் அறிவிக்கக் கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி முழங்கும் வழக்கமும் இருந்தது. ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள அது பயன்பட்டது. பீரங்கியின் ஒலி இவ்வாறு காலத்திற்கும் அறிவியலுக்கும் ஆட்சியின் பெருமைக்கும் அளவுகோலாயிற்று. அவ்வொலியைத் தாங்கியவர் செவி மட்டும் அளக்கப்படாமலே நின்றது.

மருத்துவம் கண்டது

அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறுதல் இயலாது. பீரங்கி முழக்கத்தால் செவி கெடும் என்பதை 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோவாசு பாரே குறித்திருக்கிறார். 1782ஆம் ஆண்டுக் கடற்போரில் தம் கப்பலின் பீரங்கிகள் அடுத்தடுத்து முழங்கியதால், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ராட்னி இரு வாரங்கள் செவிடாயிருந்தார் என்பது மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. தலைவர் செவி இரு வாரம் அடைத்தது வரலாற்றில் ஏறிற்று. அதே கப்பலில் பீரங்கியைத் தள்ளி நிறுத்திய மாலுமிகளின் செவி பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் செவி மருத்துவர் ஜோசப் டாயின்பி, வேட்டைத் துப்பாக்கி சுடுவோர்க்கு நேரும் செவிக்குறையைத் தம் நூலில் குறித்தார். 1886ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, அவர்களுள் ஒருவர்க்கேனும் குறைவற்ற கேள்திறன் இல்லை எனக் கண்டார். 1890ஆம் ஆண்டளவில் ஹேபர்மன் என்பார், இறந்த தொழிலாளி ஒருவரின் உட்செவியை ஆராய்ந்து, பேரொலியால் அழிவது எப்பகுதி என்பதைக் காட்டினார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலப் படையினர்க்கெனச் செவியடைப்பான்கள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவற்றைத் திருத்தி அமைத்தன. அப்போரிலிருந்து செவி கெட்டுத் திரும்பிய வீரர்களுக்கு மறுவாழ்வு தரும் முயற்சியிலேயே செவித்திறனியல் என்னும் தனித்துறை அங்கு வளர்ந்தது.

இரு உலகப் போர்களிலும் பெருந்தொகையினரான இந்திய வீரர்கள் பங்குகொண்டனர். இரண்டாம் போரில் மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். முதற்போருக்குப் பின், போர்க்குணம் சில இனத்தார்க்கே உரியது என்னும் ஆங்கிலேயர் கொள்கையாலும் செலவுக் குறைப்பாலும் சென்னைப் படைப்பிரிவு 1920களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் போர் வந்ததும் அது மீண்டும் எழுப்பப்பட்டது. வேண்டாதபோது கலைக்கவும் வேண்டியபோது கூட்டவும் இயன்ற ஆட்சிக்கு, அவ்வீரர்கள் ஊர் திரும்பியபின் எவ்வளவு கேட்டது என்று அறியும் அக்கறை பிறக்கவில்லை.

செவியுள் நிகழ்வது

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இவ்வலகின் கணக்கைச் சற்றே விளங்கிக்கொள்ளுதல் நலம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. இருவர் இயல்பாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் இருப்பது செவிக்குத் தீங்கு என்பர். துப்பாக்கியின் வெடிப்பு, சுடுபவரின் காதருகே 150 முதல் 165 டெசிபல் வரை உச்சம் பெறும். பெரும்பீரங்கியின் அருகில் அது 180ஐ நெருங்கவோ கடக்கவோ கூடும். நொடிப்பொழுது ஒலிக்கும் வெடிப்புக்குக்கூட 140 டெசிபலே எல்லை என்று பல நாடுகள் வகுத்துள்ளன. .303 துப்பாக்கி ஆயினும், 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் நம் படைக்கு வந்த 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கி ஆயினும், பின்னர் வந்த இன்சாஸ் ஆயினும் இவ்வெல்லையை மீறியவையே.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ பதினையாயிரம் நுண்மயிர்க் கலங்கள் அமைந்துள்ளன. காற்றில் வரும் அதிர்வை நரம்பு அறியும் செய்தியாக மாற்றுவன இவையே. நத்தைக்கூட்டினுள் ஒலியலை செல்லும் முறையை ஆராய்ந்த பெக்கசி என்னும் அறிஞர்க்கு 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பேரொலி வரும்போது இக்கலங்களைக் காக்க நடுச்செவியில் ஒரு சிறு தசை இறுகும். இயற்கை தந்த காவல் இது. ஆயினும் அத்தசை இறுகுவதற்குள் துப்பாக்கியின் வெடிப்பு வந்து முடிந்துவிடும். இடியையும் அருவியையும் கருதி அமைந்த காவல், வெடிமருந்தை எதிர்பார்க்கவில்லை.

சுட்டு முடித்தபின் காது அடைத்துக்கொள்வதும், உள்ளே 'ஞொய்' என்று இரைவதும் பயிற்சி பெற்ற எவரும் அறிந்தவை. மறுநாள் அது தெளிந்துவிடும். தெளிந்ததால் ஒன்றும் நேரவில்லை என்று நினைப்பர். உண்மையில் ஒவ்வொரு முறையும் சில கலங்கள் மீளாமற் போகின்றன. பறவைகளுக்கு இக்கலங்கள் மீண்டும் முளைக்கும், மனிதர்க்கு முளைப்பதில்லை. கணக்கில் வைத்திருந்த பணத்தைச் சிறிது சிறிதாக எடுப்பவன், இருப்பு தீரும் நாளில்தான் வறுமையை அறிவான். செவியின் வறுமையும் அவ்வாறே நாற்பதாம், ஐம்பதாம் அகவையில் வெளிப்படும். காதிரைச்சல் மட்டும் சிலர்க்கு நிலைத்துவிடுகிறது. வெளியுலகின் ஓசை குறையக் குறைய, உள்ளிருக்கும் அவ்விரைச்சல் இரவுகளில் ஓங்கி ஒலிக்கும்.

உயிர் நிற்க, மெய் மறைதல்

இலக்கிய அன்பர்கள் தனித்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கியால் கெடும் செவி எல்லா ஒலிகளையும் ஒருசேர இழப்பதில்லை. முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வுகளை. தாழ்ந்த அதிர்வுகள் நெடுங்காலம் நிற்கும். பேச்சில் உயிரொலிகள் வலிமையும் தாழ்ந்த அதிர்வும் உடையவை; மெல்லின மெய்களும் அத்தகையன. வல்லின மெய்களான க, ச, ட, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்திக் காட்டுவன மெலிந்த, உயர் அதிர்வு கொண்ட கூறுகள். எனவே செவி குன்றியவர்க்கு உயிர் கேட்கிறது. வல்லின மெய் மங்குகிறது. 'கத்தி', 'கட்டி', 'கச்சி' ஆகிய மூன்றும் அவர்க்கு ஒன்றுபோல் ஒலிக்கும்.

"சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவதன் பொருள் இதுவே. வீட்டார் உரக்கக் கத்துவர். கத்துவதால் உயிரொலியே பெருகும், மறைந்த மெய் தோன்றாது. பெண்டிர், சிறார் ஆகியோரின் மென்குரல் முதலில் நழுவும். பலர் ஒருங்கே பேசும் திருமண வீட்டிலும் திண்ணையிலும் ஒன்றும் பிடிபடாது. தனக்குக் கேட்காததை மறைக்கச் சிலர் புன்னகையோடு தலையசைப்பர். சிலர் சினம் கொள்வர். சிலர் கூட்டத்தையே தவிர்ப்பர். கவிதை வாசிப்பில் அமரும் அத்தகையோர்க்கு ஓசை எட்டும், எதுகை எட்டாது. எதுகை என்பதே இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. அவ்வெழுத்து வல்லின மெய்யாயின் அவர் செவியில் அது வெற்றிடம்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. வலத்தோளில் துப்பாக்கியை அணைத்துக் கன்னத்தைச் சாய்த்துச் சுடுபவரின் இடச்செவியே துப்பாக்கி வாய்க்கு நேராக நிற்கும். வலச்செவியைத் தலையே மறைக்கும். ஆதலின் பெரும்பாலோர்க்கு இடச்செவி முதலில் கெடுகிறது. பேசுபவரை நோக்கி வலப்பக்கத்தைத் திருப்பிக் கேட்கும் முன்னாள் படைவீரரின் வழக்கம் முதுமையால் மட்டும் வந்ததன்று. அவர் துப்பாக்கி பிடித்த நிலையை அத்திருப்பம் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

சுடுதளத்தின் இயல்பு

போரைவிடப் பயிற்சியில் இவ்விழப்பு மிகுவது ஏன்? போர் என்றோ வருவது. பயிற்சி ஆண்டுதோறும் நிகழ்வது. சுடுதளத்தில் வீரர்கள் அருகருகே படுத்துச் சுடுகின்றனர். ஒருவன் தன் துப்பாக்கியின் வெடிப்பை எதிர்பார்த்திருப்பான். பக்கத்தவனின் வெடிப்பு எப்போது வரும் என்று அறியான். கூரையும் சுவரும் உள்ள தளமாயின் ஒலி மோதித் திரும்பி மீண்டும் தாக்கும். இவ்வனைத்திலும் மிகுதியாகத் துன்புறுபவர் பயிற்றுநரே. பயிற்சி பெறுவோர் சில மாதங்களில் சென்றுவிடுவர்; அவரோ பல்லாண்டு அதே தளத்தில், அடுத்தடுத்து வரும் வரிசைகளின் அருகே நிற்பார். தம் குரலால் படையை நடத்தும் அவர்க்கே பிறர் குரல் முதலில் மங்குகிறது.

இந்நாளில் நல்ல அடைப்பான்கள் உள்ளன. முறையாகப் பொருத்தினால் 20, 30 டெசிபல் வரை அவை குறைக்கும். முற்காலத்தில் வீரர்க்கு வாய்த்தது பஞ்சு. உலர்ந்த பஞ்சு மிகச் சிறிதளவே காக்கும். காத்துக்கொண்டோம் என்னும் நம்பிக்கையை மட்டும் தரும். அடைப்பான் கிடைத்தபோதும் அணியத் தயங்கியவர் பலர். ஆணை கேளாமற் போகுமோ என்னும் அச்சம் ஒன்று. காதைப் பொத்துபவன் கோழை என்னும் கேலி மற்றொன்று. வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் படைப்பிரிவின் போர்முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு' என்பது. அம்முழக்கத்தோடு பழகிய இளைஞன் காது வலிக்கிறது என்று சொல்ல நாணுவது இயல்பே.

குண்டு செல்லும் எல்லையை நாம் காக்கிறோம். திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த வீரமலைப்பாளையத்துச் சுடுதளத்தில் பயிற்சி நடக்கும் நாள்களை மாவட்ட ஆட்சியர் முன்னரே அறிவிப்பதும், அப்பக்கம் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்ல வேண்டா என எச்சரிப்பதும் வழக்கம். அக்காவலும் தவறுவது உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதிச் சுடுதளத்தில் பயிற்சி நடந்தபோது குண்டு பாய்ந்த 11 அகவைச் சிறுவன் சில நாள்களில் உயிர்நீத்தான். குண்டின் எல்லை தவறினால் நாடே அறிகிறது. ஒலியின் எல்லைக்குள் நாள்தோறும் நிற்போர்க்கு நேர்வதோ ஓசையின்றி நேர்கிறது.

ஆறு மீட்டரும் ஒரு தாளும்

நம் படையில் உடல்தகுதியை மனம், செவி, கைகால், உடல், கண் என ஐந்தாகப் பகுத்து மதிப்பிடுவர். செவியைச் சோதிக்க நெடுங்காலமாக வழங்கிவந்த முறை எளியது: மருத்துவர்க்கு முதுகு காட்டி ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் நிற்பவர், அவர் மெல்லக் கூறும் சொல்லை ஒவ்வொரு செவியாலும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அமைதியான அறையில், பழகிய சொல்லை ஊகித்துச் சொல்லிவிடுதல் அரிதன்று. உயர் அதிர்வில் தொடங்கும் இழப்பு இச்சோதனையில் சிக்காமல் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். அதிர்வு அதிர்வாகப் பிரித்து அளக்கும் மின்கருவி 1920களிலிருந்தே உலகில் உண்டு. அக்கருவி வரையும் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருப்பின், அதுவே பேரொலியின் கையெழுத்து. படையில் சேரும் நாளில் ஒரு தாள், விலகும் நாளில் ஒரு தாள் இருந்தால் வழக்கே எழாது.

அத்தாள் இல்லாமையே பின்னர்த் துன்பமாகிறது. உடற்குறை படைப்பணியால் நேர்ந்தது அல்லது பணியால் மிகுந்தது என மருத்துவக் குழு ஏற்றால்தான் ஊனமுற்றோர்க்கான ஓய்வூதியம் கிடைக்கும். குறையின் அளவும் பொதுவாக 20 விழுக்காட்டை எட்டவேண்டும். செவிக்குறை மெல்ல வருவதாலும், முதுமையிலும் செவி மங்குவதாலும், இது பணியால் வந்ததன்று என்று எழுதிவிடுதல் எளிது. 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகளை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், தரம்வீர் சிங் வழக்கில் 2013ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில் ஒரு நெறியை உறுதிசெய்தது. சேரும்போது குறிக்கப்படாத குறை பின்னர்த் தோன்றினால் அது பணியால் நேர்ந்ததெனக் கொள்ளவேண்டும். அன்று என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தது. அவ்வழக்கு செவி பற்றியதன்று. ஆயினும் பலவகை உடற்குறையினர்க்கும் அது வழிதிறந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படையினர் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலும் இயங்குகிறது.

குடிமக்கட்கான சட்டமோ வேறோர் அளவுகோலை வைத்துள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு செவியிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தோரைக் கேள்திறன் குன்றியோர் என்றும், 70 டெசிபல் இழந்தோரைச் செவிடர் என்றும் வகுக்கிறது. வல்லின மெய்களை மட்டும் இழந்த வீரர் இவ்விரு வகைக்கும் வெளியே நிற்பார். கேட்கிறது என்றும் சொல்ல இயலாது. கேட்கவில்லை என்று சான்று பெறவும் இயலாது.

அமெரிக்க நாட்டில் போர்ப்பணியால் வந்த குறைகளில் முதலிடம் பெறுவன காதிரைச்சலும் செவிக்குறையுமே. அங்குப் படையினர்க்கு வழங்கிய செவியடைப்பான் குறையுடையது என்று கூறி இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 3எம் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். தவற்றை ஒப்புக்கொள்ளாமலே அந்நிறுவனம் ஏறத்தாழ 600 கோடி டாலர் தர 2023ஆம் ஆண்டில் இசைந்தது. அங்கு வழக்கு, கொடுத்த அடைப்பான் சரியில்லை என்பது. பஞ்சை மட்டுமே கண்ட நம் முதியோர்க்கு அத்தகைய வழக்கிற்கும் வாய்ப்பில்லை.

பொட்டிப்புரம் எழுப்பிய வினா

வெடியோசையின் வரலாறு கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. இப்பள்ளத்தாக்கை வளப்படுத்தும் பெரியாற்று நீரே வெடிவைத்துப் பெற்ற நீர். படைப் பொறியாளரான பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை நடந்த அப்பணியில் சென்னைப் பயனீர் படையினர் உழைத்தனர். ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம், கடும்பாறையைத் துளையிட்டு வெடிவைத்துப் பிளந்து அமைக்கப்பட்டது. மூடிய சுரங்கத்தில் வெடிக்கும் மருந்தின் அதிர்ச்சி, துப்பாக்கியின் அதிர்ச்சிக்கு உடன்பிறப்பு. அப்பணியில் நோயாலும் விபத்தாலும் இறந்தோரை நினைவுகூர்கிறோம். செவி கெட்டு வீடு திரும்பியோர்க்கு நினைவுச்சின்னம் இல்லை. வயலில் பாயும் நீரில் அவர் இழந்ததும் கலந்திருக்கிறது.

நூற்றாண்டுக்குப் பின் அதே மேற்குமலைத் தொடரில், உத்தமபாளையம் வட்டம் பொட்டிப்புரத்தில் மீண்டும் ஒரு சுரங்கம் பற்றிய பேச்சு எழுந்தது. நியூட்ரினோ ஆய்வகத்திற்காக மலைக்கடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்ச் சுரங்கம் குடையும் திட்டத்திற்கு 2015 சனவரியில் நடுவணரசு ஒப்புதல் தந்தது. அதற்கு முன் நீலகிரியின் சிங்காரா பகுதி கருதப்பட்டு, யானைகளின் வாழ்விடம் என்னும் காரணத்தால் 2009ஆம் ஆண்டில் கைவிடப்பட்டிருந்தது. பொட்டிப்புரத்து மக்களும் சூழலியலாளரும் அரசியல் இயக்கத்தாரும் வினாக்களை எழுப்பினர். எவ்வளவு வெடிமருந்து? எத்தனை ஆண்டு? அதிர்வு எதுவரை செல்லும்? மலைக்கும் அணைக்கும் நீருக்கும் என்ன நேரும்? 2015இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பணிக்குத் தடைவிதித்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. 2018இல் நடுவண் அமைச்சகம் மீண்டும் இசைவு தந்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் திட்டத்திற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. திட்டத்தின் நன்மை தீமைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் வேலையன்று. இங்கு வேண்டுவது ஒன்றே: முதல் வெடி வெடிக்கும் முன்பே, அதன் அதிர்வைத் தாங்கப்போவோர் அளவைக் கேட்டனர். அவ்வினாவிற்கு அரசும் அறிவியலாரும் நீதிமன்றமும் விடைசொல்ல வேண்டியதாயிற்று.

பரங்கிமலைப் பீரங்கிக்காரன் அத்தகைய வினாவை எழுப்ப இயலவில்லை. பெரியாற்றுச் சுரங்கத்தில் உழைத்தவனும் எழுப்ப இயலவில்லை. இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து படைக்குச் சென்று சுடுதளத்தில் படுத்த இளைஞனும், ஒழுங்கிற்குக் கட்டுப்பட்டவனாதலின் எழுப்பவில்லை. கேட்டற்கும் வினவற்கும் ஒரே சொல் வைத்தது தமிழ். வினவ இயலாதவர்க்கே கேட்டலும் பறிபோயிற்று என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

செய்யத்தக்கன

இவ்விழப்பு முழுமையும் தடுக்கத்தக்கது. பயிற்சியின் முதல் நாளிலேயே, பழகிக்கொள்ளும் சிறு துப்பாக்கிக்கும் அடைப்பான் கட்டாயமாதல் வேண்டும். பயிற்றுநர்க்கு அடைப்பானும் செவிமூடியும் இரண்டும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை கருவியால் செவியளந்து, அத்தாளின் படி வீரர் கையிலும் இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய அக்னிபத் முறையில் பெரும்பான்மையோர் நான்கே ஆண்டில் வீடு திரும்புவர். இன்று இருபதில் நேரும் இழப்பு நாற்பதில் வெளிப்படுவதாதலின், விலகும் நாளின் செவியளவு முன்னெப்போதினும் இன்று தேவை. முன்னாள் படைவீரர்க்கென 2003ஆம் ஆண்டில் தொடங்கிய நலவாழ்வுத் திட்டத்தில் செவித்துணைக் கருவி பெற வழியுண்டு. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அங்குச் செல்ல நாணும் முதியவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் மகனோ பேத்தியோ இருந்தால் போதும்.

இலக்கிய வட்டத்தார்க்கும் இதிற் பங்குண்டு. கூட்டங்களில் அத்தகையோரை முன்வரிசையில், அவர்தம் நல்ல செவி பேசுபவரை நோக்கும்படி அமர்த்தலாம். கவிதை படிப்போர் குரலை உயர்த்துவதைவிட, முகம் தெரிய நின்று மெய்யெழுத்துகளைத் திருத்தமாக ஒலித்து நிதானமாகப் படிக்கலாம். உதட்டசைவைக் கண்டு அவர்கள் விடுபட்டதை நிரப்பிக்கொள்வர். அனைத்திற்கும் மேலாக, அவர்கள் பயிற்சி பெற்ற தளத்தையும், தாங்கிய துப்பாக்கியையும், காது அடைத்த முதல் நாளையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்கலாம். கோல்டிங்காம் பட்டியலில் இடம்பெறாத பகுதி அது. அதனை எழுதவல்லோர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர், சொல்லவல்லோரும் உள்ளனர்.